வேனிற்பள்ளி

நுழையும்முன்

பள்ளி, மருத்துவமனை, நூலகம், வட்டாட்சியர் அலுவலகம் போன்றவை எல்லார்க்கும் பொதுவான கட்டடங்கள். அவற்றில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் சுழலும் ஒவ்வொரு மின்விசிறிக்கும் செலவாவது மக்களின் வரிப்பணம். அக்கட்டடங்கள் வெயிலை எவ்வாறு எதிர்கொள்கின்றன, மின்னாற்றலை எவ்வாறு செலவிடுகின்றன என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. அவற்றுள் அமர்ந்து படிப்போர்க்கும் உரியது. அவ்வினாவைக் குறித்துத் தமிழாசிரியர் ஒருவரின் கருத்தாக அமைகிறது இக்கட்டுரை.

ஆறாம் பாடவேளை

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். பணியின் தொடக்கக் காலத்தில் நான் கற்பித்த பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பு மாடியில் இருந்தது. அதற்கு மேல் மொட்டை மாடி. காலை முதல் பாடவேளையில் வினா ஒன்றைக் கேட்டால் பத்துக் கைகள் உயரும். உணவு இடைவேளைக்குப் பின் வரும் ஆறாம் பாடவேளையில் அதே மாணவர்களிடம் வினவினால் ஒரு கையும் உயராது. சட்டைகள் முதுகோடு ஒட்டியிருக்கும். மின்விசிறி சுழலும், அதிலிருந்து வருவது அனற்காற்றாக இருக்கும். நல்ல செய்யுளொன்றை நடத்திக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைமீது தலைசாய்த்துவிடுவான். அதைச் சோம்பல் என்று நினைத்துப் பலமுறை கடிந்துகொண்டேன்.

ஒருநாள் அதே ஆறாம் பாடவேளையில் கீழ்த்தளத்து வகுப்பொன்றுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே மாணவர்கள் விழிப்புடன் இருந்தனர். அவர்களும் அதே ஊரினர். அதே உணவை உண்டவர்கள். அதே வெயிலில் நடந்து வந்தவர்கள். வேறுபட்டிருந்தது தலைக்கு மேலிருந்த தளம் ஒன்றே. அன்றுமுதல் மாடி வகுப்பு மாணவனை நான் கடிந்துகொண்டதில்லை. அவனை அயரச் செய்தது அவன் இயல்பா, அந்த அறையா என்னும் ஐயம் மட்டும் என்னைவிட்டு அகலவே இல்லை.

வெயில் இறங்கும் வழி

இந்த ஐயத்திற்கு விடை காண இயற்பியலின் துணை வேண்டும். தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகை முதல் 13.5 பாகை வரையுள்ள வட அகலாங்குகளுக்கு இடையே அமைந்துள்ளது. எனவே, ஞாயிறு ஆண்டுக்கு இருமுறை நம் தலைக்கு நேர்மேலே வந்து செல்கிறது. சென்னையில் ஏப்ரல் மாத இறுதியில் ஒருமுறையும் ஆகஸ்டு மாத நடுவில் மற்றொரு முறையும் இது நிகழ்கிறது. அந்நாள்களின் உச்சிப்பொழுதில், நேராக நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. ஆகவே, கோடையில் நம் கட்டடங்களின் சுவர்களைவிடக் கூரையே மிகுதியான வெயிலை வாங்குகிறது. அடுத்த நிலையில் வாங்குபவை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஆகும்.

தெளிந்த வானமுள்ள நாளில், உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மீது ஏறத்தாழ 1000 வாட் அளவுக்கு வெயிலாற்றல் விழுகிறது. வகுப்பறை ஒன்றின் கூரைப்பரப்பு 50 சதுர மீட்டர் எனக் கொள்வோம். அதன்மீது விழுவது 50 கிலோவாட். 2 கிலோவாட் திறனுள்ள வெந்நீர்க் கருவிகள் இருபத்தைந்தை ஒரே நேரத்தில் இயக்கினால் எழும் வெப்பத்திற்கு இது நிகரானது. இவ்வெப்பம் முழுவதும் அறைக்குள் வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி ஒளியாகவே வானுக்குத் திரும்பிவிடும். ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும். எஞ்சியது தளத்திற்குள் இறங்கும். எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தளத்தின் நிறம் பெருமளவு முடிவுசெய்கிறது. பாசி படிந்து கருத்த கான்கிரீட் தளம் தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. புதிதாக வெண்சுண்ணம் பூசிய தளமோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

கான்கிரீட் தான் வாங்கிய வெப்பத்தை உடனே கடத்துவதில்லை. நான்கைந்து அங்குலத் தடிப்புள்ள தளத்தின் மேற்பரப்பில் ஏறிய வெப்பம் அடிப்பரப்பை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். நண்பகல் வெயில் பிற்பகல் மூன்று மணியளவில் வகுப்பறைக்குள் இறங்குகிறது. அப்போது தளத்தின் அடிப்பரப்பே ஒரு கணப்பாகி, கீழே அமர்ந்திருப்போர் தலைமீது வெப்பத்தை வீசுகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விக்கும் கருவி அன்று. காற்றை அசைக்கும் கருவி. தளத்தை ஒட்டித் தேங்கியிருக்கும் சூடான காற்றை அது கீழே தள்ளுகிறது. ஆறாம் பாடவேளையில் அந்த மாணவன் ஏன் தலைசாய்த்தான் என்பதற்கு விடை அவன் தலைக்கு மேலேயே இருந்தது.

முன்னோர் அறிந்தவை

கட்டடத்தையும் காலநிலையையும் சேர்த்தெண்ணும் அறிவு நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனை வகுக்கும்முன் நூலறிந்தோர் கோல்களை நட்டு, அவற்றின் நிழலைக் கொண்டு திசையறிந்த செய்தியைக் கூறுகிறது. அந்நூலே, வாடைக்காலத்தில் மேல்மாடத்துச் சாளரங்களை அடைத்துத் 'தடவு' என்னும் நெருப்புச் சட்டியால் மக்கள் குளிர்காய்ந்ததையும் காட்டுகிறது. சாளரத்திற்குக் 'காலதர்' என்பது பழம்பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி எனப் பெயரிட்டவர்கள் சாளரம் எதற்காக என்பதில் தெளிவுடன் இருந்திருக்கிறார்கள். சிலப்பதிகாரம் 'வேனிற்பள்ளி', 'கூதிர்ப்பள்ளி' என இருவகை இடங்களைச் சுட்டுகிறது. இங்குப் பள்ளி என்பது துயிலும் இடம். வெயில் காலத்திற்கு ஒன்று, குளிர் காலத்திற்கு ஒன்று எனப் பருவத்திற்கேற்ப இடம் மாறி உறைந்தனர் என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் எழுந்த 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் தளமுறையும் எண்ணத்தக்கது. மரச்சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களை நெருக்கமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பிக் கட்டையால் தட்டி இறுக்குவர். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சாந்தில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிப்பர். இத்தளம் இன்றைய வெறும் கான்கிரீட் தளத்தைவிட வெப்பத்தை மெல்லவே கடத்தும். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் போன்ற பழைய பொதுக்கட்டடங்களில் தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் நீண்ட தாழ்வாரமும் அமைந்திருப்பதைக் காணலாம். வெயில் சுவரைத் தொடும்முன் தாழ்வாரத்தின் நிழல் அதைத் தடுத்துவிடும்.

ஆயினும், பழையன எல்லாம் பொற்காலம் என மயங்குதல் கூடாது. பருவத்திற்கொரு பள்ளி மாடமாளிகையில் வாழ்ந்தவர்க்கே வாய்த்தது. எளியவர்க்கு வாய்த்தது ஓலைக்கூரை. அது வெப்பத்தைத் தடுக்கும், தீயைத் தடுக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக்கூரை தீப்பற்றியதில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் நம் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. அகற்றியதே முறை. ஆனால், அவற்றின் இடத்தில் வந்த கான்கிரீட் தளங்களும் தகரக்கூரைகளும் குழந்தைகளைத் தீயிலிருந்து காத்த அளவிற்கு வெயிலிலிருந்து காக்கவில்லை. அக்கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.

குளிர்நாடுகள் கற்பிப்பது

வெப்பத்தை வெளியே நிறுத்துவது நம் கவலை. உள்ளே நிறுத்துவது குளிர்நாட்டார் கவலை. இரண்டும் ஒரே அறிவியலின் இருமுகங்கள். செருமனி நாட்டின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் மக்கள் குடியேறிய சில வீடுகள் உலகின் பார்வையை ஈர்த்தன. 'பாசிவ்ஹவுஸ்' எனப்படும் கட்டடத் தரநிலைக்கு அவையே வழிகாட்டி. சுவர், கூரை, தரை யாவற்றிலும் வெப்பத்தடுப்பு உறை. சாளரங்களில் மூன்றடுக்குக் கண்ணாடி. காற்றுக் கசிவில்லாத இணைப்புகள். இவற்றால், அறையைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு முழுமைக்கும் 15 கிலோவாட்மணிக்கு மேல் தேவைப்படாமல் கட்ட முடியும் என்பது அத்தரநிலையின் அளவுகோல். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நாற்பது பேர் கூடிய வகுப்பறையில் அது 4 கிலோவாட். அங்கே அது கொடை. இங்கே அதை வெளியேற்றக் காலதர் வேண்டும்.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. லடாக்கில் லே நகருக்கு அருகிலுள்ள ஷே என்னும் ஊரில் ட்ருக் பத்மா கார்ப்போ பள்ளி இருக்கிறது. 2009இல் வெளிவந்த '3 இடியட்ஸ்' திரைப்படத்தில் இடம்பெற்றதால் அப்பள்ளி பலரும் அறிந்த ஒன்றாயிற்று. அதன் விடுதிகளில் 'ட்ராம்பே சுவர்' என்னும் அமைப்பு உள்ளது. ஞாயிற்றை நோக்கிய தடித்த சுவருக்குக் கருநிறம் தீட்டி, அதன் முன்னே கண்ணாடி பொருத்துவது இதன் முறை. பகலில் வெயிலை உண்ட சுவர் இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் மெல்ல விடும். விறகும் நிலக்கரியும் இன்றியே மாணவர்களின் அறை கதகதப்புப் பெறுகிறது.

லடாக்கின் சுவருக்குக் கருமை பொருந்துகிறது. நம் கூரைக்கு வெண்மை பொருந்துகிறது. பூச்சு வேறு, கொள்கை ஒன்று. கருவியை நாடும்முன் கட்டடத்தைத் தன் வேலையைச் செய்ய விட வேண்டும் என்பதே அக்கொள்கை.

கட்டுபவர் ஒருவர், வியர்ப்பவர் ஒருவர்

இத்துணை எளிய செய்தி நம் பொதுக்கட்டடங்களில் ஏன் பரவலாக இடம்பெறவில்லை? அறியாமை காரணம் என்று நான் கருதவில்லை. நம் பொறியாளர்கள் இதை நன்கறிவர். காரணம் கணக்கேட்டில் உள்ளது.

ஒரு கட்டடத்திற்குத் திட்டமிடும்போது எழும் முதல் வினா, சதுர அடிக்கு எவ்வளவு செலவாகும் என்பது. குறைந்த தொகைக்குக் கட்டித் தருபவர்க்கே பணி கிடைக்கிறது. அக்கட்டடம் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நிற்கும். அத்தனை ஆண்டுகளுக்கும் ஆகும் மின்கட்டணம் முதல்நாள் மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை. கட்டுவது ஒரு துறை. மின்கட்டணம் செலுத்துவது மற்றொரு துறை. வியர்ப்பவரோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாமவர். இம்மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் வாய்ப்பு அமைவதில்லை. தளத்தின்மேல் வெப்பத்தடுப்புப் பூச்சுக்கான தொகையைக் குறைப்பவர் அதனால் விளையும் வெப்பத்தை உணரப்போவதில்லை. உணர்பவர்க்கு அத்தொகையைக் குறித்துப் பேசும் உரிமையில்லை.

சட்டம் உண்டு. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2002இல் ஆற்றல் திறன் செயலகம் நிறுவப்பட்டது. கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு நெறிமுறைகள் 2007இல் வெளியிடப்பட்டு 2017இல் திருத்தப்பட்டன. கூரையும் சுவரும் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம், சாளரங்கள் எவ்வாறு அமையலாம் என்பவற்றையெல்லாம் அவை வரையறுக்கின்றன. ஆனால், 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ அதற்கு மேலோ உள்ள பெரிய கட்டடங்களைக் கருத்திற்கொண்டே அவை வகுக்கப்பட்டன. இருபது வகுப்பறைகள் கொண்ட ஊரகப் பள்ளியொன்றின் விளக்குகளும் மின்விசிறிகளும் சேர்ந்து 10 கிலோவாட் அளவையே எட்டும். வானளாவிய அலுவலகக் கட்டடத்தைக் காக்கும் நெறி, அந்த வகுப்பறை வரை வந்து சேர்வதில்லை.

மின்கட்டணம் குறைவாக உள்ளது என்பதாலேயே ஒரு கட்டடம் கவனிக்கப்படாமற் போவது முறையா? அக்கட்டடத்தின் செலவு மின்கணக்கில் தெரியாமல் இருக்கலாம். கவனம் சிதறிய பாடவேளைகளிலும், மேல்தளப் பொதுப்பிரிவில் வியர்த்துக் கிடக்கும் நோயாளியின் துன்பத்திலும் அது செலவாகிக்கொண்டே இருக்கிறது.

மாற்றம் தொடங்காமலும் இல்லை. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் பள்ளிக் கூரைகளுக்கு வெப்பத்தைத் திருப்பும் வெண்பூச்சு இடும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இவை முன்மாதிரிகளாக நின்றுவிடாமல் நடைமுறையாக வேண்டும்.

முதலில் கூரை, பின்பு காற்று, அதன்பின் கருவி

எதை முதலில் செய்வது என்னும் வரிசை தெளிவாக இருந்தால் பொருட்செலவு குறையும்.

முதலாவது, கூரை. இருக்கும் கட்டடங்களுக்கு வெண்பூச்சே மலிவான தொடக்கம். அடுத்து, தட்டோடு பதித்தல், தளத்தின்மேல் நிழல் அமைத்தல் என வாய்ப்புக்கேற்பச் செல்லலாம். கூரைக்கு மேலே சற்று உயர்த்திப் பொருத்தப்படும் சூரிய மின்தகடுகள் மின்னாற்றலைத் தருவதோடு தளத்திற்கு நிழலும் தரும். புதிய கட்டடங்களுக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் காட்டிய வழி உண்டு. இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்த அவர், கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பளு தாங்கத் தேவைப்படாத இடங்களில் ஓடுகளை வைத்து நிரப்பினார். இதனால் சிமெண்டும் குறைந்தது, வெப்பமும் குறைந்தது. செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே காற்றிடைவெளி விட்டுச் சுவர் எழுப்பும் முறையையும் அவர் பரப்பினார். திருவனந்தபுரத்தில் அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கற் பலகணிகள் காற்றையும் மென்னொளியையும் உள்ளே விட்டு, வெயிலை வெளியே நிறுத்துகின்றன.

இரண்டாவது, காற்றும் நிழலும். கட்டடத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கும். அவற்றின்மீது வெயில் குறைவாகவே படும். எதிரெதிர்ச் சுவர்களில் சாளரங்கள் இருந்தால் காற்று ஊடுருவிச் செல்லும். மேற்குப் புறத்தில் வேம்போ புங்கமோ நின்றால் மாலை வெயிலை அது வாங்கிக்கொள்ளும். இருக்கும் சாளரங்களை அலமாரியாலும் பழைய மேசைகளாலும் அடைக்காமல் வைத்திருப்பதற்குப் பொருட்செலவே இல்லை.

மூன்றாவதே கருவி. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் அளவில் மின்னாற்றலை எடுத்துக்கொள்ளும். பி.எல்.டி.சி. வகை மின்விசிறிக்கு 30 வாட் போதும். பழைய குழல்விளக்கும் அதன் சோக்கும் சேர்ந்து எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 50 வாட், எல்.இ.டி. குழல்விளக்குக்கு 20 வாட் போதும். இருபது வகுப்பறைகள், ஒவ்வொன்றிலும் நான்கு மின்விசிறிகள், நான்கு விளக்குகள் எனக் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய கருவிகளுக்கு 10 கிலோவாட். புதியவற்றுக்கு 4 கிலோவாட். மிச்சம் 6 கிலோவாட். நாளொன்றுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள்கள் இயங்கினால் 8400 அலகுகள் மிஞ்சும். நம் நாட்டில் ஓர் அலகு மின்னாற்றலுக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமிலவாயு வெளியாகிறது. அவ்வகையில் ஒரே பள்ளியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 டன் கரியமிலவாயுவைத் தவிர்க்க முடியும்.

குளிரூட்டி போதாதா?

எல்லா அறைகளிலும் குளிரூட்டியைப் பொருத்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே எனச் சிலர் கேட்கலாம். குளிரூட்டி வேண்டவே வேண்டா என்பது என் கருத்தன்று. அறுவை அரங்கு, குருதி வங்கி, ஓலைச்சுவடிகளைக் காக்கும் நூலகம் போன்ற இடங்களுக்கு அது தேவை. கொடிய வெப்ப அலைக் காலத்தில் முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் அது உயிர்காக்கும் கருவியாகவும் அமையும்.

ஆனால், குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறையின் வெப்பத்தையும் தான் இயங்குவதால் எழும் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. கொதிக்கும் தளத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே குளிரூட்டியை இயக்குவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். தளத்தைச் சீராக்கிய பின் பொருத்தினால் சிறிய கருவியே போதும். அதுவும் குறைந்த நேரம் இயங்கினால் போதும். வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்னாற்றல் மிஞ்சும் என்கிறது ஆற்றல் திறன் செயலகம். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிரூட்டிகள் 2020 முதல் 24 பாகையிலேயே தொடங்கும்படி அமைக்கப்படுவதும் இதனால்தான்.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். கருவியை வாங்கும் ஆற்றல் எல்லார்க்கும் ஒன்றன்று. பொதுக்கட்டடத்தில் குளிரூட்டி முதலில் சென்று சேரும் அறை எது என்பதை நாம் அறிவோம். வெண்பூச்சோ தாழ்வார நிழலோ ஆள் பார்த்துப் பயன் தருவதில்லை. கூரை எல்லார்க்கும் பொது.

ஏட்டில் ஒரு வரி

தொடக்கத்தில் நான் கூறிய பள்ளிக்கே மீண்டும் வருகிறேன். என்னுடன் பணியாற்றிய இயற்பியல் ஆசிரியர் ஒருவர், பொங்கல் முடிந்ததும் வெள்ளையடிக்கும் தொழிலாளர் ஒருவரை அழைத்துவந்து, எங்கள் வகுப்பறைக்கு மேலிருந்த தளத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசச் செய்தார். செலவை ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்துகொண்டோம். பூசிய அறையிலும் பூசாத அடுத்த அறையிலும் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார். பிற்பகலில் இரண்டுக்குமிடையே சில பாகை வேறுபாடு இருந்தது. மாணவர்களே நாள்தோறும் குறித்துவந்தனர். அக்கோடையில் ஆறாம் பாடவேளை காலைப் பொழுதாக மாறிவிடவில்லை. ஆயினும், வினாவைக் கேட்டால் இரண்டு மூன்று கைகள் உயர்ந்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் சுண்ணாம்பு கரைந்தது. அந்த ஆசிரியர் பணிமாறுதல் பெற்றுச் சென்றார். பின்னர் நானும் சென்றேன். மீண்டும் பூசுவார் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அப்பள்ளிக்குச் சென்றபோது தளம் பழையபடி கருத்திருந்தது. அதன்கீழே வேறு மாணவர்கள் அமர்ந்திருந்தனர்.

நல்லெண்ணம் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை என்பதை அன்று கற்றேன். நல்லெண்ணம் நிலைபெற வேண்டுமானால் அது ஏட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு பொதுக்கட்டடத்தின் ஆண்டுப் பராமரிப்பு மதிப்பீட்டிலும், சித்திரை பிறக்கும்முன் கூரைக்கு வெண்பூச்சு என ஒரு வரி இடம்பெற வேண்டும். புதிய கட்டடத்தின் மதிப்பீட்டில், கட்டும் செலவோடு நாற்பது ஆண்டு மின்செலவும் சேர்த்தெண்ணப்பட வேண்டும். வகுப்பறையின் வெப்பநிலை, வருகைப்பதிவைப் போல நாள்தோறும் குறிக்கப்பட வேண்டும். குறிக்கப்படாத துன்பத்தை எந்த அலுவலகமும் அறியாது.

சிக்கனம் என்றதும் விளக்கை அணையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள் என மாணவர்க்கு அறிவுரை கூறுவதே வழக்கம். அவ்வறிவுரை நல்லதே. ஆனால், வியர்த்துக்கொண்டிருப்பவரிடம் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது மட்டுமே சிக்கனம் ஆகாது. குறைந்த ஆற்றலில் எல்லார்க்கும் நலம் கிடைக்கச் செய்வதே உண்மையான சிக்கனம்.

பழந்தமிழில் பள்ளி என்றால் துயிலும் இடம். இன்று பள்ளி என்றால் பயிலும் இடம். மாளிகையில் சிலர்க்கு வாய்த்த வேனிற்பள்ளி, வெயிலில் நடந்துவரும் ஒவ்வொரு மாணவர்க்கும் வாய்க்க வேண்டும். அங்கே எவரும் துயிலமாட்டார்.

தெரிந்து தெளிவோம்

அலகு: 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்னாற்றல் ஒரு கிலோவாட்மணி. மின்கட்டண அட்டையில் 'யூனிட்' எனக் குறிக்கப்படுவது இதுவே. 75 வாட் மின்விசிறி ஏறத்தாழ 13 மணி நேரம் சுழன்றால் ஓர் அலகு செலவாகும். 30 வாட் மின்விசிறியோ ஏறத்தாழ 33 மணி நேரம் சுழலும்.

சொல்லும் பொருளும்

காலதர் – சாளரம்
கூதிர் – குளிர்காலம்
தடவு – குளிர்காயும் நெருப்புச் சட்டி
கணப்பு – குளிர்காய மூட்டும் தீ
பலகணி – துளைகள் அமைந்த சாளரம்
தட்டோடு – தளத்தின்மேல் பதிக்கும் தட்டையான ஓடு

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் மேல்தள வகுப்பறை ஒன்றிலும் கீழ்த்தள வகுப்பறை ஒன்றிலும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நிலவும் வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து, அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் வகுப்பறையிலுள்ள மின்கருவிகளின் திறனைக் கேட்டறிந்து, ஒரு நாளில் செலவாகும் அலகுகளைக் கணக்கிடுக.

3. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு அல்லது பொதுக்கட்டடம் ஒன்றின் கூரை, தாழ்வாரம், சாளரம் ஆகியவற்றின் அமைப்பைக் கட்டடத் தொழிலாளர் ஒருவரிடம் கேட்டு எழுதுக.

4. 'பொதுக்கட்டடங்களுக்கு முதலில் வேண்டுவது குளிரூட்டியா? குளிர்கூரையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.